எண்ணெய் ஊருக்குப் போன தூள்

ஒரு மனிதன் நாலு கிழமைக்கு, கிட்டத்தட்ட ஒரு மாதத்துக்கு, எவ்வளவு மிளகாய்த்தூள் சாப்பிடுவான்? அரைக் கிலோ என்றால் தாராளம். என் கணவர் ரஷ்யாவில் ஒரு சின்ன எண்ணெய் ஊருக்கு வேலைக்குப் போய்வந்த காலம் முழுவதும் எனக்கு இந்த யோசனைதான்.

நான் சந்தேகக்காரி. பால் பெட்டியில் அச்சடித்திருக்கும் திகதியை நம்பாமல் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறவள். ஆனால் ரஷ்யா என்றதும் நான் பயந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. திருகோணமலையில் என் அக்காவுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை, எண்ணெய்க் கிணறு தோண்டுகிற படிப்புக்குப் புலமைப்பரிசில் கிடைத்து மொஸ்கோவுக்குப் போனவர். மூன்று வருடம் கிழமைக்கொரு கடிதம் வந்தது. அக்காவும் கிழமைக்கொரு கடிதம் போட்டார். பிறகு அது மாதத்துக்கு ஒன்றாகி, வருடத்துக்கு ஒன்றாகி, நின்றே போனது. ஆள் இருக்கிறாரா செத்தாரா என்றுகூட ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு வந்த எந்தச் சம்பந்தத்துக்கும் அக்கா தலையாட்டவில்லை. எண்பதுகளின் கடைசியில் நோர்வேக்குப் படிக்க வந்தார். வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் கை விறைக்க நின்று உழைத்தார். என்னையும் இங்கே கூப்பிட்டு ஒரு வழி பண்ணினார். நான் சொல்லும் காலத்தில் அவர் ஒஸ்லோவில், அம்மருட்டில் ஒன்பதாம் மாடியில் தனியாக இருந்தார். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. நாங்கள் ரொம்மனில், மெட்ரோவில் மூன்றாவது தரிப்பு.

அந்த நாடு எங்கள் வீட்டில் ஒரு மாப்பிள்ளையை ஏற்கெனவே விழுங்கியிருந்தது. இரண்டாவதையும் விழுங்கிவிடுமோ என்பதுதான் என் பயம். அக்காவின் பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டுக்கொண்டு நானும் இருக்கவேண்டி வருமோ என்று பயந்தேன்.

என் கணவர் எண்ணெய் இறைக்கிற பம்பி திருத்துகிறவர். சுனாமிக்கு அடுத்த வருடம் அவருடைய கம்பனி அந்த எண்ணெய் ஊருக்குப் பம்பிகள் விற்றது. விற்றதோடு விடாமல் அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆளையும் அனுப்பியது. நாலு கிழமை அங்கே, நாலு கிழமை இங்கே. "நல்ல வாய்ப்பு" என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொடுத்தேன்.

அந்த ஊரை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் கண்ணைக் கட்டி நடுத்தெருவில் விட்டாலும் பாண் கடைக்குப் போய்ச் சேருவேன். அவர் கமராவில் எடுத்துவந்த படங்களை அவ்வளவுக்குத் துருவியிருக்கிறேன். சதுப்பு நிலத்தில் மணலைக் கொட்டி, அதன்மேல் கொங்கிரீட் பலகைகளை அடுக்கிப் போட்ட தெருக்கள். எல்லாம் ஐந்து மாடிக் கட்டடங்கள். வெந்நீர்க் குழாய்கள் மண்ணுக்குள் போகாமல், துணி சுற்றிய கால்கள்போல வெளியிலேயே ஓடும். தெரு குறுக்கிட்டால் மேலே எழும்பி வாசல்போல வளைந்து மறுபக்கம் இறங்கும். மற்ற ஊர்களில் சிலை நிற்கிற இடத்தில் அங்கே சிவப்பும் மஞ்சளும் பூசிய ஒரு பழைய பம்பி நின்றது. கலியாணம் கட்டிய சோடிகள் அதன் முன்னால் நின்று படம் எடுப்பார்களாம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நீச்சல் குளம், பாண் சுடுகிற பேக்கரி எல்லாவற்றின் நெற்றியிலும் ஒரே கம்பனியின் அடையாளம். எண்ணெய் கிடைத்த பிறகுதான் அந்த இடத்துக்கு ஊர் என்ற பெயரே வந்ததாம். பனிகொட்டும் மாரியில் பகலிலும் இருட்டு. ஆனால் வானத்தின் ஓரம் மட்டும் செம்மஞ்சளாகக் கிடக்கும். கிணறுகளில் வருகிற வாயுவைக் கொளுத்திவிடுகிற நெருப்பு அது என்றார்.

நோர்வேயும் எண்ணெயில் வாழ்கிற நாடுதான். ஆனால் ஒஸ்லோவில் பதினைந்து வருடம் இருந்தும் சமையல் எண்ணெயைத் தவிர வேறு எண்ணெயை நான் கண்டதில்லை. இங்கே அதைக் கடலுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அங்கே வீட்டு முற்றத்திலேயே வைத்திருக்கிறார்கள். எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் பயணத்துக்கு அக்காதான் தூள் வறுத்துக் கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் தூள் என்றால் அக்காவின் கைதான். காய்ந்த செத்தல் மிளகாயை வறுக்கத் தொடங்கினால் கட்டடம் முழுக்க இருமும் என்பதற்காக, புகை பட்டால் கூரையில் அலறுகிற புகை மணிக்குக் குளியல் தொப்பியைப் போட்டுக் கட்டிவிட்டு, ஜன்னலெல்லாம் திறந்து வைத்து, குளிருக்கு ஜாக்கெட் மாட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பார். மல்லி, சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதம். அரைத்து ஆறவைத்துப் பைக்கற்றில் போட்டு, பசைபோட்ட வெள்ளை ரேப் ஒட்டி, அதன்மேல் சரிந்த எழுத்தில் மாதத்தையும் 'உறைப்பு கூட' என்பதையும் எழுதுவார். அரைக் கிலோ.

மூன்றாம் பயணத்துக்கு முன் என் கணவர் சொன்னார்: "இந்தமுறை ஒரு கிலோ தரச்சொல்லி அக்காட்டைச் சொல்லும்."

"ஆருக்கு?"

"கன்ரீன் பெடியள் ருசி பாத்திட்டுக் கேக்கிறாங்கள்."

அங்கத்தைய சனம் மிளகு பட்டாலே தண்ணீர் தேடுவார்கள், எல்லாவற்றிலும் சதகுப்பைத் தழையைத்தான் வெட்டிப் போடுவார்கள் என்று முதல் பயணம் முடிந்து வந்து சொன்னவரும் இவர்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனாலும் அக்காவிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வருடம் அது ஒன்றரைக் கிலோவானது.

பிறகு ஒரு படம் அகப்பட்டது. ஒரு ஜன்னல், வலைத்துணித் திரைச்சீலை, ஜன்னல் விளிம்பில் பால் பெட்டிகளைப் பாதியாக வெட்டி வரிசையாக வைத்த தக்காளிக் கன்றுகள்.

"இது ஆரின்ரை வீடு?"

"விடுதி."

"ஆம்பிளையளின்ரை விடுதியிலை ஆர் தக்காளிக் கண்டு வைக்கிறது?"

"கூட்டித் துடைக்கிற மனுசி வச்சிருப்பா. எனக்கென்ன தெரியும்."

அதற்குப் பிறகு ஒரு சோடி கம்பளிக் காலுறை வந்தது. கடையில் வாங்கியதல்ல, கையால் பின்னியது. குதிக்காலில் இரட்டை நூல் போட்டுப் பின்னியிருந்தது. அக்கறை இல்லாத கை அப்படிப் பின்னாது. "சந்தையிலை வாங்கினது" என்றார். ஒருநாள் பின்னேரம் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. கடுகு வெடிக்கிற சத்தம் எனக்குத் தெரியாதா? "எங்கை நிக்கிறியள்?" என்றேன். "கன்ரீன்" என்றார். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

எல்லாவற்றையும் விட என்னைச் சுட்டது வேறொன்று. ஒருமுறை ரொம்மன் வீட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தவர், சப்பாத்துப் போட்டபடியே கதிரையில் போய் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு எழும்பிப் போனார். எங்கள் ஆட்கள் போகிறபோது சகுனம் பிழைத்தால்தான் திரும்பி இருந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். இங்கே பூனையும் குறுக்கே போகவில்லை, ஒருவரும் தும்மவும் இல்லை. "என்ன இது?" என்று கேட்டேன். பயணம் போக முதல் அங்கே எல்லாரும் இப்படித்தான் இருந்து எழும்புவார்கள் என்றார். விடுதியில் படுக்கிற பம்பிக்காரர்கள் கதிரையில் இருந்தா எழும்புவார்கள்? அது ஒரு வீட்டின் பழக்கம். வாசலில் நின்று வழியனுப்ப ஒரு பெண் இருக்கிற வீட்டில்தான் ஒரு மனிதன் அதைப் பழகுவான். அன்றைக்கு நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கேட்டால் சொல்கிற மனிதன் இல்லை. ஆகவே ஒரு சோதனை வைத்தேன். அடுத்த பயணத்துக்கு அக்காவிடம், "அங்கை மிச்சம் கிடக்காம், இந்தமுறை வேண்டாம்" என்று பொய் சொன்னேன். ஒஸ்லோவின் கிரன்லாண்டில் எங்கள் ஆட்களின் கடையில் பைக்கற் தூள் வாங்கினேன். அதை அக்காவின் பைக்கற்போலக் கட்டி, ரேப் ஒட்டி, என் எழுத்தில் மாதத்தை எழுதி அவர் பெட்டிக்குள் வைத்தேன். என் கணவருக்கு வாய் என்பது உணவு உள்ளே போகிற வழி மட்டும்தான். சொதிக்குள் ரசத்தை ஊற்றிக் கொடுத்தாலும் நல்லாய் இருக்கு என்பார். தூள் மாறியது அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தால், அது வேறொரு நாக்கு சொல்லித் தெரிந்ததாகத்தான் இருக்கும்.

நாலு கிழமையில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் திரும்பி வந்தார். சப்பாத்தைக் கழற்ற முதலே கேட்டார்:

"அக்கா சுகமாய் இருக்கிறாவோ?"

"ஏன்?"

"இல்லை, தூள் வேறை மாதிரி. எழுத்தும் வேறை. ஏதும் வருத்தமோ எண்டு..."

"தூள் வேறை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவர் ஒற்றைச் சப்பாத்தோடு நின்றார். நான் சமையலறைக் கதிரையை இழுத்துப் போட்டேன். இருந்தார். நானும் எதிரே இருந்தேன். எத்தனை பொய்க்குத் தயாராக வந்தாரோ தெரியாது, அன்றைக்கு ஒன்றும் எடுபடவில்லை.

அவர் சொன்னது இதுதான். முதல் பயணத்திலேயே, எங்கள் நிறத்தில் ஒருவன் வந்திருக்கிறான் என்று பாண் கடையில் கேள்விப்பட்டு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் விடுதிக்குத் தேடி வந்தாராம். தமிழ் கதைத்தாராம், ஆனால் சொற்களைத் தேடித் தேடி. அந்தக் கம்பனியில் பெரிய பொறியியலாளர். அங்கேயே கலியாணம் கட்டி, அந்த ஊரோடேயே வளர்ந்தவர். சுற்றுவட்டாரத்தில் வேறு தமிழன் இல்லை. இவர் ஒரு கறி சமைத்துக் கொடுக்கலாம் என்று பைக்கற்றை எடுத்து மேசையில் வைத்திருக்கிறார்.

"ஆள் அந்த ரேப்பிலை இருந்த எழுத்தைப் பாத்தார். பாத்திட்டுக் கதிரையிலை இருந்திட்டார். பிறகுதான், இது ஆரின்ரை எழுத்து எண்டு கேட்டார்."

எனக்கு விளங்கிவிட்டது. அக்காவின் எழுத்தை மொஸ்கோவில் இருந்து வருடக்கணக்காகக் கிழமைக்கு ஒருதரம் வாசித்த ஒரே ஆள் உலகத்தில் யார் என்று எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. தக்காளிக் கன்று அந்தாளின் மனைவி வைத்தது. காலுறை அவள் பின்னியது. இருந்து எழும்பச் சொல்லிக் கொடுத்ததும் அவள். அங்கே ஒரு பெண் இருக்கிறாள் என்ற என் சந்தேகம் பொய்க்கவில்லை, ஆனால் அவள் இன்னொருவனின் மனைவி. கடுகு வெடிக்க வைத்தது அந்தாள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். கோபம் பிறகுதான் வந்தது.

இரண்டு வருடத்துக்கு மேலாக, யாருடைய கை என்று தெரிந்தவன் தின்றிருக்கிறான், யாருக்கென்று தெரியாதவள் வறுத்திருக்கிறாள். அரைக் கிலோவை ஒன்றாக்கி, ஒன்றை ஒன்றரையாக்கி, ஜாக்கெட்டோடு நின்று இருமி இருமி. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தது என் கணவர்.

"அந்த மனுசன் அழுதிட்டுது" என்றார். "கேட்டது ஒண்டுதான். அவவுக்குச் சொல்லவேண்டாம் எண்டு. நான் என்ன செய்ய?"

"தின்னத் தெரிஞ்ச வாய்க்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதோ?"

"உமக்குச் சொன்னால் நீர் சும்மா இருப்பீரோ? அவவின்ரை நிம்மதி போயிடும்."

"அவவுக்கு நிம்மதி இருந்தது எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவர் மற்றச் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தார். எனக்கு அவரை அடிக்கவேண்டும்போல இருந்தது. இன்னொரு பெண் என்றால் எனக்கு மட்டும் செய்த துரோகம். இது அக்காவுக்குச் செய்தது. அக்கா இல்லாவிட்டால் நான் இந்த நாட்டில் இல்லை, இந்த மனிதனும் எனக்கு இல்லை.

ஒரு கிழமை நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். சொல்லாமல் விட்டால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. சொன்னால் ஆறிய புண்ணைக் கீறுகிறவள். கடைசியில் அம்மருட்டுக்குப் போனேன். அக்கா வேலை உடுப்பைச் சுருக்கம் போக மினுக்கிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். ஆள் உயிரோடு இருக்கிறார், அந்த ஊரில்தான் இருக்கிறார், கலியாணம் கட்டிவிட்டார், தூள் அவருக்கும்தான் போனது என்று.

அக்கா மினுக்கியின் வயரைக் கழற்றினார். சட்டையை மடித்து வைத்தார்.

"பிள்ளையள் இருக்கோ?"

"ரெண்டு. வளந்திட்டினமாம்."

"ம்."

மடித்த சட்டையை அலுமாரிக்குள் வைத்தார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

"வறுக்கிறது நான்தான் எண்டு அவருக்குத் தெரியுமோ?"

ஓம் என்றால், வாய் திறந்து ஒன்றும் சொல்லாமல் அக்காவின் தூளைத் தின்றுகொண்டிருந்த மனிதன் என்று ஆகிவிடும். அதை அக்காவின் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு நெஞ்சு வரவில்லை. உலகத்தில் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று திரிகிற நான் சொன்னேன்:

"தெரியாதாம் அக்கா."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புதியதல்ல. தக்காளிக் கன்றுப் படத்தை வைத்துக்கொண்டு நான் என் கணவரைப் பார்த்த அதே பார்வை. அதற்கு எதிரே நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ரேப்பிலை எழுதினது நான்தானே" என்றார். தேத்தண்ணீர் போட்டார். குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த பயணத்துக்கு முதல் கிழமை அக்கா தொலைபேசி எடுத்து, "மல்லியும் செத்தல் மிளகாயும் வாங்கிக்கொண்டு வா" என்றார். அந்தத் தூளுக்குள் என்ன போகப்போகிறதோ என்று பயந்தேன். ஆனால் அக்கா எப்போதும்போலக் குளியல் தொப்பியைப் புகை மணிக்குக் கட்டினார், ஜன்னலைத் திறந்தார், ஒவ்வொன்றையும் அதனதன் பதத்துக்கு வறுத்தார். அரைத்து முடிந்ததும் அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தேன். ஒரு குறையும் இல்லை. கண்டாரோ தெரியாது.

பைக்கற்றில் அள்ளிப் போட்டுத் தராசில் வைத்தார். அரைக் கிலோ வந்ததும் நிறுத்தினார். வாயைக் கட்டினார். ரேப் எடுக்கவில்லை.

"எழுதேல்லையோ?"

"ஆருக்கெண்டு தெரியும்தானே."

"இவ்வளவும் காணுமோ அக்கா, போதுமோ?"

"ஒராளுக்குத்தானே" என்றார். "காணும்."

மிச்சத்தைப் போத்தலில் போட்டுத் தன் அலுமாரிக்குள் வைத்தார்.

என் கணவர் அந்தப் பைக்கற்றைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எழுத்தில்லாத பக்கத்தைத் தடவினார். கூடத் தரச்சொல்லிக் கேட்கவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டினார். நாலு கிழமைக்குப் பிறகு வெறுங்கையோடு வந்தார். அதில் பாதியை அந்தாளுக்குக் கொடுத்தாரா, முழுவதையும் கொடுத்தாரா, தான்தான் தின்றாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அவருக்கு இனி ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும், எனக்குத் தெரிந்தால் அக்கா என் முகத்தில் வாசித்துவிடுவார். ஆகவே நான் கேட்கவில்லை.